சுடாமலே வெடித்த உறைகள்

இந்த ஆய்வுக்குரிய பொருள் 120 பித்தளைத் தோட்டா உறைகள். அவற்றில் 20 புதியவை. மீதி 100, ஒரே ஒரு முறை சுடப்பட்டவை என்று சொல்லி விற்கப்பட்டவை. எல்லாம் .308 வின்செஸ்டர் அளவு. அவை இருந்தது நியூசிலாந்தின் தென்தீவில், கேன்டர்பரி வட்டாரத்தில் பால்பண்ணை இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் என் தங்கை மகனின் கொட்டகையில். அவற்றின் அளவுகளும் படங்களும் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வந்து சேர்ந்தது மலேசியாவில், கெடாவின் பாடாங் செராயில் என் வீட்டுச் சமையலறை மேசைக்கு. இந்த நாட்டில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது குற்றம். 1971இல் வந்த சட்டம் துப்பாக்கிக் குற்றங்களுக்கான தண்டனையை மேலும் கடுமையாக்கியது. ஆகவே, "ஒண்ணு ரெண்டு வெத்து உறைய தபால்ல அனுப்பி விடவா மாமா?" என்று அவன் கேட்டபோது வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் பார்த்ததெல்லாம் எண்களும் படங்களும் மட்டுமே என்பதை வாசகர் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்ள வேண்டும்.

எனக்குத் துப்பாக்கி தெரியாது. ரப்பர் பாலைச் செறிவூட்டும் ஓர் ஆலையின் பராமரிப்புப் பட்டறையில் 27 ஆண்டுகள் வேலை செய்தேன். கடைசிப் பத்து ஆண்டுகள் தராசு, அழுத்தமானி, மைக்ரோமீட்டர் ஆகியவற்றைச் சரிபார்ப்பதே என் வேலை. மருமகன் என்னைத் தேடி வந்தது அந்த ஒரு காரணத்துக்காகத்தான். அவன் அங்கே உரிமம் பெற்று மான் வேட்டைக்குப் போகிறவன். சங்கத்தில் இலக்குச் சுடுதலும் உண்டு. சுட்ட தோட்டாவின் உறையை எடுத்து, குண்டைப் பிடிக்கும் வாய்ப்பகுதியான கழுத்தைச் சுருக்கி, அடியில் தீ மூட்டும் சிறு மூடியான பிரைமரும் வெடிமருந்தும் குண்டும் புதிதாக வைத்து மறுபடி பயன்படுத்துவது அங்கே சாதாரணப் பழக்கம். தோட்டாவின் மற்றப் பாகங்கள் சுட்டவுடன் போய்விடும். உறை மட்டும் திரும்பத் திரும்ப வரும். அதனால்தான் உறையின் தரத்தைப் பற்றி இவ்வளவு பேச்சு.

அவனுடைய முதல் கேள்வி எளிமையானது. நண்பர் ஒருவர் பின்லாந்துத் தயாரிப்பில் 20 புதிய உறைகளைச் சோதித்துப் பார்க்கக் கொடுத்திருந்தார். அவனே குறைந்த விலைக்கு வாங்கிய 100 பழைய உறைகள் கையில் இருந்தன. இரண்டு தொகுதியையும் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தான். புதியவற்றில் மிகக் கனமானதற்கும் மிக இலேசானதற்கும் உள்ள இடைவெளி 0.13 கிராம். பழையவற்றில் 0.21 கிராம். "புதுசுதான் நல்லா ஒரே மாதிரி இருக்கு மாமா, ஆனா விலைதான் இடிக்குது. இந்த வித்தியாசத்துக்கு அவ்ளோ காசு குடுக்கலாமா?" என்று கேட்டான்.

விலைக்குப் போகும் முன் அந்த எண்களையே விசாரிக்க வேண்டியிருந்தது. என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். பால் நிறுக்கும் கொட்டாயில் வாளியை இறக்கும் முன் தராசின் முள் சுழியத்தில் நிற்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டே இறக்குவார்; கணக்கெழுதும் கிராணி முகம் சுளித்தாலும் பொருட்படுத்த மாட்டார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. ஏதாவது ஓர் உறையை எடுத்து, அதையே பத்து முறை நிறுத்து, ஒவ்வொரு முறையும் தட்டிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி வைத்து, எண்களைத் திருத்தாமல் அனுப்பச் சொன்னேன். பத்து எண்கள் வந்தன. ஒரே உறை, ஒரே மாலை, 0.04 கிராம் ஏற்ற இறக்கம். புதிய தொகுதியின் மொத்த இடைவெளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அது. அவன் பித்தளையை அளந்ததாக நினைத்துக்கொண்டு தராசின் தடுமாற்றத்தையும் சேர்த்து அளந்திருக்கிறான்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. கொட்டகையில் குளிருக்காக வைத்திருந்த சூடேற்றியின் காற்று தட்டின் மீது வீசியது. தராசை இயக்கியவுடனே நிறுக்கத் தொடங்கியிருந்தான். மின்னணுத் தராசுகளின் உணரி வெப்பநிலை நிலைப்படும்வரை மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். அரை மணி நேரம் சும்மா ஓடவிட்டு, சூடேற்றியை அணைத்து, பத்து உறைக்கு ஒரு முறை சோதனை எடைக்கல்லை வைத்துப் பார்த்தபின் ஏற்ற இறக்கம் 0.01 கிராமுக்கு இறங்கியது. கூடவே உறைகளின் நிலையையும் சமப்படுத்தச் சொன்னேன்: பிரைமரை எடுத்துவிட்டு, உள்ளே புகைக்கரி இல்லாமல் கழுவி, கழுத்தின் நீளத்தை ஒன்றாக வெட்டிவிட்டு நிறுக்க வேண்டும். .308 உறையின் மொத்த நீளம் 51.18 மி.மீ.யைத் தாண்டக் கூடாது, வழக்கமாக 50.93 மி.மீ.க்கு வெட்டிவிடுவார்கள். இந்தக் கால் மில்லிமீட்டர் கழுத்து மட்டுமே சுமார் 0.02 கிராம் எடை. வெட்டாமல் நிறுத்தால் நீளத்தைத்தான் எடையாகப் படித்துக்கொண்டிருப்போம்.

மறுபடி நிறுத்ததில் புதியவை 0.12, பழையவை 0.17. புதியதே இன்னும் முந்தி நிற்பதுபோல் தோன்றியது. இங்கேதான் இரண்டாவது தவறு ஒளிந்திருந்தது. அனுபவமுள்ளவர்களும் இதில் விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

இருபது பேர் பால்மரம் வெட்டும் தோட்டத்தில் ஒரு நாள் அதிகப் பால் கொண்டுவந்தவருக்கும் குறைந்த பால் கொண்டுவந்தவருக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே திறமையுள்ள நூறு பேர் வெட்டும் தோட்டத்தில் அந்த இடைவெளி கூடத்தான் செய்யும். ஆட்கள் மோசமானதால் அல்ல. ஆள் கூடக் கூட இரண்டு ஓரத்திலும் யாராவது ஒருவர் அகப்பட்டுவிடுவார் என்பதால். எடைகள் நடுவில் அடர்ந்து ஓரங்களில் மெலியும் வழக்கமான பரவலாக இருந்தால், 20 பொருள்களின் உச்ச நீச இடைவெளி சராசரியாகத் திட்டவிலக்கத்தைப்போல் (எடைகள் சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகுகின்றன என்பதன் அளவு அது) 3.7 மடங்கு வரும். 100 பொருள்களுக்கு அது 5 மடங்கு. அப்படி வகுத்துப் பார்த்தால் புதியவற்றின் திட்டவிலக்கம் 0.032 கிராம், பழையவற்றினது 0.034 கிராம். இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிடலாம். மருமகனுக்கு இது பிடிக்கவில்லை என்று குரலிலேயே தெரிந்தது; மலிவு விலை உறைகள் ஜெயித்துவிட்டன என்று புரிந்தபின் பிடித்துப்போனது. அந்த மகிழ்ச்சி மூன்று வாரம் நீடித்தது.

எடை எதைச் சொல்கிறது

எடையைப் பார்ப்பதன் நோக்கம் உள்கொள்ளளவை ஊகிப்பது. மருந்து எரியும் அறை சிறுத்தால் அழுத்தம் ஏறும், பெருத்தால் இறங்கும். அழுத்தம் மாறினால் குண்டின் வேகம் மாறும். வேகம் மாறினால் தொலைவில் குண்டு மேலும் கீழுமாக விழும். வெளியளவு ஒன்றாக இருக்கும்போது கனமான உறைக்குச் சுவர் தடித்திருக்கும், எனவே உள்ளே இடம் குறைவு என்பது பொதுவான எண்ணம். வெவ்வேறு தயாரிப்பாளர்களின் உறைகளை ஒப்பிடும்போது இது பெரிதும் உண்மை. .308 உறைகளின் எடை தயாரிப்புக்குத் தயாரிப்பு சுமார் 10 கிராமிலிருந்து 12 கிராம்வரை வேறுபடும், 7.62 மி.மீ. நேட்டோ இராணுவ உறைகள் பெரும்பாலும் கனமான ஓரத்தில் நிற்கும். ஓர் உறைக்குப் பழகிய மருந்தின் அளவை வேறு தயாரிப்பு உறையில் அப்படியே போட்டால் அழுத்தம் எதிர்பாராமல் ஏறிவிடும் என்பதால், அடியில் வெவ்வேறு தயாரிப்பாளர் முத்திரை உள்ள உறைகளைக் கலக்கவே கூடாது.

ஆனால் ஒரே தயாரிப்பின் ஒரே தொகுதிக்குள் கதை வேறு. பித்தளையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 8.5 கிராம். பழைய தொகுதியின் மொத்த இடைவெளியான 0.17 கிராமும் உட்சுவரில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், இட வேறுபாடு 0.02 கன சென்டிமீட்டர்தான். .308 உறை ஏறக்குறைய 3.6 கன சென்டிமீட்டர் தண்ணீர் கொள்ளும். ஆக, மிகக் கனமானதற்கும் மிக இலேசானதற்கும் உள்ள வேறுபாடே அரை விழுக்காட்டுக்குச் சற்று மேல். அதுவும், அந்த எடை வேறுபாடு உள்ளேதான் இருக்கிறது என்பதற்கு உறுதி கிடையாது. அடி விளிம்பிலும் அதற்கு மேலுள்ள பள்ளத்திலும் கடைசல் கருவி சற்றுக் கூடக் குறைய எடுத்திருந்தாலும் எடை மாறும், கொள்ளளவு மாறாது.

இதைச் சரிபார்க்க மிகக் கனமான ஐந்தையும் மிக இலேசான ஐந்தையும் தண்ணீர் நிரப்பி நிறுக்கச் சொன்னேன். பிரைமர் குழியை அடைத்து, ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரை ஊசிக்குழலால் ஊற்றி, வாய்மட்டத்தில் நீர் குழியாமலும் குவியாமலும் சமமாக நிற்கும்படி செய்து எடையின் வேறுபாட்டை எடுக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை. பத்து முடிவுகளில் கனமான ஐந்தும் சராசரியாகச் சற்றுக் குறைவாகக் கொண்டன என்பது உண்மை. ஆனால் எல்லாவற்றிலும் குறைவாகத் தண்ணீர் கொண்டது இலேசான ஐந்தில் ஒன்று. அந்த ஓர் உறைக்காகவே நான் எடைப்படி பிரிக்கும் யோசனையை அந்தத் தொகுதிக்குக் கைவிடச் சொன்னேன்.

கழுத்துச் சுவர் அப்படியல்ல. அதுதான் இந்த அளவீடுகளிலேயே அதிகம் பேசியது. உருண்டை முனையுள்ள மைக்ரோமீட்டரால் கழுத்தைச் சுற்றி நான்கு இடங்களில் அளந்தபோது, புதிய உறைகளில் தடித்த பக்கத்துக்கும் மெலிந்த பக்கத்துக்கும் வேறுபாடு எதிலும் 0.03 மி.மீ.யைத் தாண்டவில்லை. பழையவற்றில் 13 உறைகள் 0.06 மி.மீ.க்கு மேல். மொத்தச் சுவரே 0.38 மி.மீ. அளவில் இருக்கும் இடத்தில் இது சிறியது அல்ல. தகட்டிலிருந்து வெட்டிய கிண்ணத்தை அச்சில் தள்ளித் தள்ளி நீட்டித்தான் உறை செய்கிறார்கள். தள்ளும் தண்டு நடுமையத்திலிருந்து விலகியிருந்தால் ஒரு பக்கம் மெலியும். அந்த மெலிவு கழுத்தோடு நிற்காமல் உடல் நெடுகிலும் இறங்கும். கழுத்தை மட்டும் சீவிச் சமப்படுத்துகிறவர்கள் மேல்பூச்சு பூசுகிறார்கள் என்பது என் எண்ணம். அந்த 13ஐயும் ஒதுக்கச் சொன்னேன், ஒதுக்கினான்.

அடிப்பாகத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பிரைமர் குழிகள் இறுக்கமாகவே இருந்தன. கம்பியை வளைத்து உள்ளே விட்டு அடிக்குச் சற்று மேலே பள்ளம் தட்டுப்படுகிறதா என்று தடவிப் பார்த்ததில் எதிலும் இல்லை. அந்தப் பள்ளம் இருந்தால் அடுத்த சுடுதலில் உறை இரண்டாக அறுந்துவிடலாம்.

இந்த நிலையில் என் முடிவு, 87 பழைய உறைகள் பயன்படுத்தத் தகுந்தவை என்பது. அதை எழுத்திலும் அனுப்பினேன். அது தவறு.

பெட்டியைத் திறந்த நாள்

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் சந்தையிலிருந்து வந்து மீனைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு படம் வந்தது. உள்ளங்கையில் ஓர் உறை. அதன் வாயிலிருந்து தோள்வரை, அதாவது கழுத்து விரிந்து உடலாகும் இடம்வரை, நேர்கோடாக ஒரு வெடிப்பு. அடுத்து இன்னொன்று. மொத்தம் ஏழு. அழைத்துப் பேசினேன். கழுத்தைச் சுருக்கி, பளபளப்பாக்கி, மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைத்திருந்தானாம். அதற்குப் பிறகு ஒன்றைக்கூடச் சுடவில்லை. மருந்து போடலாம் என்று திறந்தபோது இப்படி இருந்தது. ஒதுக்கிய 13ஐயும் அதே டப்பாவில் தனிப்பையில் போட்டிருந்தான். அவற்றில் ஒன்றுதான் வெடித்திருந்தது. வெடித்த மற்ற ஆறும் அளவில் தேறியவை. இரண்டு, அவன் "முதல் தரம்" என்று பேனாவால் புள்ளி வைத்தவை.

பலமுறை சுட்டுச் சுருக்கிய கழுத்து இறுகி வெடிப்பது எல்லாரும் அறிந்தது. ஒரு முறை சுட்டது என்று விற்றவர் சொன்னதை நாம் நம்பினோம். அது உண்மையாக இல்லாமலிருக்கலாம். ஆனால் அப்படிப்பட்ட வெடிப்பு சுடும்போதோ, குண்டை உள்ளே தள்ளும்போதோ வர வேண்டும். ஆளில்லாத டப்பாவுக்குள் வர வேண்டிய காரணமில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விளிம்பு இழுபட்டு மெலியவில்லை. கண்ணாடி விரிசல்போல் சுத்தமாகப் பிளந்திருந்தது. பிளவின் இரு பக்கமும் மங்கிய கருமை. அதைப் பார்த்ததும் எழுந்துபோய், பழைய கருவிகள் வைத்திருக்கும் இழுப்பறையிலிருந்து ஒரு பித்தளை நட்டை எடுத்து வந்தேன்.

அந்த நட்டின் கதை இது. ரப்பர் பால் மரத்திலிருந்து இறங்கிய சில மணி நேரத்திலேயே திரியத் தொடங்கும். அதைத் தடுக்க அமோனியா கலக்கிறோம். செறிவூட்டிய பாலில் உயர் அமோனியா வகைக்குக் குறைந்தது 0.6 விழுக்காடு. அதே பாலில் செம்பு சிறிதளவும் சேரக் கூடாது, ஏனென்றால் செம்பு ரப்பரை ஆக்சிஜனோடு சேர்த்துக் கெடுக்கும். ஐஎஸ்ஓ 2004 தரம், திண்மப்பொருள் ஒரு கிலோவுக்கு 8 மில்லிகிராம் செம்புக்கு மேல் அனுமதிப்பதில்லை. ஆகவே "பித்தளை பால் பக்கம் வரக் கூடாது" என்பது ஆலையில் சின்னப் பையனுக்கும் தெரிந்த சட்டம். பால் பக்கம் வராமல், அமோனியாக் குழாயின் அழுத்தமானிப் பக்கம், வெளியிலிருந்து வந்த குத்தகைக்காரர் ஒருவர் பித்தளை நட்டு ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார். நானும் கையெழுத்துப் போட்டேன். பாலைத் தொடவில்லையே என்று நினைத்தேன். ஒரு மாதத்துக்குள் அது நீளவாட்டில் பிளந்தது. யாரும் அதைத் தட்டவில்லை, திருகவில்லை. முதன்முதலில் இறுக்கிய இறுக்கமே போதுமானதாக இருந்தது. அன்று முதல் அந்த நட்டை வைத்திருக்கிறேன்.

இது உலோகவியலில் பழைய வழக்கு. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் சுடப்படாமலே வெடித்தன. பருவத்தோடு வந்ததால் அதற்குப் பருவ வெடிப்பு என்று பெயரிட்டார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியாவும் ஈரக்காற்றும் உறையில் தங்கியிருந்த இழுவிசையும் ஒன்றுசேர்ந்தால் இப்படி ஆகும் என்று 1921இல்தான் விளக்கம் கிடைத்தது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் வெடிப்பு வராது. உறைகளுக்குப் பயன்படும் பித்தளையில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். துத்தநாகம் 15 விழுக்காட்டைத் தாண்டிய பித்தளைகள் இதற்கு எளிதில் ஆட்படும்.

"எதால பாலிஷ் பண்ணே?" என்று கேட்டேன்.

"வழக்கமா சிட்ரிக் அமிலம் போட்டுக் கழுவுவேன் மாமா. அன்னிக்கு தீந்துபோச்சு. வீட்ல பித்தளை விளக்குறதுக்கு வச்சிருந்த தண்ணிய கொஞ்சம் ஊத்தி சுத்த விட்டேன். சும்மா தங்கம் மாதிரி வந்துச்சு."

"வாசனை எப்படி இருந்துச்சு?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "நம்ம பால் ஆலை வாசனைதான்" என்றான். சிறு வயதில் பள்ளி விட்டு எனக்குச் சோறு கொண்டுவந்தவன்; அந்த வாசனையை மறக்க முடியாது.

கண்ணாடிச் சாடிகள்

இதோடு வழக்கை முடித்திருக்கலாம். ஆனால் ஆலையில் நான் கற்றுக்கொண்டது, பொருந்திப்போகும் முதல் கதையை நம்பக் கூடாது என்பதே. எதிர்வாதம் ஒன்று வலுவாகவே இருந்தது. அதே அலமாரியில் இருந்த 20 புதிய உறைகளில் எதுவும் வெடிக்கவில்லை. அவற்றுக்கு அந்தத் திரவம் படவில்லை என்பது ஒரு வேறுபாடு. அவை சுருக்கப்படவில்லை என்பது இன்னொரு வேறுபாடு. உறை செய்த ஆலையிலேயே கழுத்தைச் சூடேற்றி இளக்கியிருந்தார்கள், தோளருகே நீலமும் பழுப்புமாகத் தெரியும் நிறமே அதற்குச் சாட்சி, என்பது மூன்றாவது. எது காரணம் என்று அந்த ஒப்பீட்டால் பிரித்துச் சொல்ல முடியாது.

பித்தளைக் குடம் அடிக்கும் கன்னார் இடையிடையே அதை நெருப்பில் காட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த இளக்கம் புதிதல்ல. அடிக்க அடிக்கப் பித்தளை இறுகும். இறுகியதை மேலும் அடித்தால் வெடிக்கும். சூடு காட்டினால் உள்ளே இறுகிக் கிடந்த இழுவிசை விட்டுப்போய் மறுபடி வளையும். உறையிலும் அதேதான். ஆனால் கழுத்தையும் தோளையும் மட்டுமே சூடாக்கலாம். அடிப்பாகம் இறுக்கமாகவே இருந்தாக வேண்டும், ஏனென்றால் .308இன் அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 4,150 பார். அடி இளகிய உறை அதைத் தாங்காது. உறைகளை மொத்தமாக அடுப்பில் வைத்து எடுக்கும் யோசனை யாருக்கு வந்தாலும் அதை அங்கேயே நிறுத்த வேண்டும்.

வெடிக்காத உறைகளிலிருந்து 24 எடுத்து நன்றாகக் கழுவச் சொன்னேன். பன்னிரண்டின் கழுத்தை, வெப்பம் காட்டும் பூச்சைத் தடவி அளவு பார்த்து, இளக்கினான். பன்னிரண்டை அப்படியே விட்டான். இரண்டு கண்ணாடிச் சாடிகள்: ஒன்றின் அடியில் வீட்டு உபயோக அமோனியா, மற்றொன்றில் வெறும் தண்ணீர். ஒவ்வொன்றிலும் இளக்கியவை ஆறு, இளக்காதவை ஆறு, திரவத்தில் படாமல் நூலில் தொங்கவிட்டு மூடி, வீட்டுக்கு வெளியே வைத்தான். ஆய்வகங்களில் செம்புக் கலவைகளின் உள்ளிழுவிசையை அறிய இதுபோன்ற அமோனியாச் சோதனைக்கு ஐஎஸ்ஓ 6957 என்ற தரமே உண்டு. நாங்கள் செய்தது அதன் ஏழை உறவினர்.

மறுநாள் காலை அவன் படமெடுத்து அனுப்பினான். அமோனியாச் சாடியில் இருந்த பன்னிரண்டும் கறுத்திருந்தன. இளக்காத ஆறில் நான்கு வெடித்திருந்தன, அதே நேர்கோட்டில். இளக்கிய ஆறும் கறுத்ததோடு சரி. தண்ணீர்ச் சாடியில் எதுவும் வெடிக்கவில்லை. ஆறு என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் நான்குக்குச் சுழியம் என்று பிரிந்து நின்றதும், வெடிப்பின் உருவம் டப்பாவில் வந்ததைப்போலவே இருந்ததும், எனக்குப் போதுமானவையாக இருந்தன. கழுத்தில் இழுவிசை இருந்தது. அமோனியா அதைத் திறந்துவிட்டது. புதிய உறைகளையும் பழைய உறைகளையும் பிரித்தது எடையோ சுவரோ மட்டுமல்ல, அவற்றுக்கு இதுவரை நேர்ந்தது என்ன என்பதும்கூட. அதை என் அளவீட்டுப் பட்டியலில் நான் கேட்கவே இல்லை. எத்தனை முறை சுருக்கியது, எதால் கழுவியது, எங்கே வைத்தது என்ற மூன்று பத்திகளைச் சேர்க்காமல் 87ஐத் தேர்ச்சி என்று எழுதியது என் குற்றம், அவனுடையதல்ல.

மீதியை என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் சண்டையே வந்தது. சோதனைக்குப் போனவற்றைத் தவிர்த்துப் பார்வைக்கு நல்லவை 69 இருந்தன. "கழுத்தை இளக்கிட்டா சரியாயிடும்தானே மாமா, நீங்கதானே காட்டினீங்க?" என்றான். இளக்கம் இனி வரப்போகும் வெடிப்பைத் தடுக்கும். ஏற்கெனவே தொடங்கி, கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் நிற்கும் வெடிப்பை மூடாது. கழுத்து மட்டும் கீறினால் பெரும்பாலும் குண்டின் பிடி தளர்ந்து குறி தவறுவதோடு போகும். ஆனால் அந்தத் திரவம் உடலின் கீழ்ப்பாகத்தையும்தான் நனைத்தது, அங்கே இளக்கவும் முடியாது. முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் அழுத்தம் எழும் பொருளில் ஐயத்தின் பலனை உலோகத்துக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. இரண்டு நாள் பேசாமல் இருந்தான். பிறகு என் தங்கை அழைத்து, "அண்ணே, அவன் கொட்டகையில உக்காந்து குறடால எல்லாத்தையும் நசுக்கிக்கிட்டு இருக்கான்" என்று சொன்னாள். யாரும் எடுத்து மறுபடி பயன்படுத்தாமல் இருக்க வாயை நசுக்கித்தான் பழைய உலோகக் கடைக்குப் போட வேண்டும். அதை நான் சொல்லாமலே செய்தான்.

போன மாதம் புதிய உறைகள் 100 வாங்கியிருக்கிறான், எல்லாம் ஒரே தொகுதி எண். பெட்டியின் மூடிக்குள் தமிழில் எழுதி ஒட்டியிருந்த தாளைப் படமெடுத்து அனுப்பினான்: வாங்கிய நாள், சுருக்கிய முறை, கழுவியது எதால், வைத்த இடம். அதற்குக் கீழே, உறைகளில் ஒன்றை மட்டும் எடுத்து, பத்து முறை நிறுத்த பத்து எண்கள்.